‘தூரம்’ – ஒரு சொல்லின் வரலாறு

“மலருக்கு நம்ம பகுதி வரலாறு பத்தி ஒரு கட்டுரை வேணும் டீச்சர், உங்களால முடியும்” என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசனை வந்தது. காரைக்கால் அம்மையாரைப் பற்றியும் மாங்கனித் திருவிழாவைப் பற்றியும் எழுத நம்மிடையே தமிழ்ப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குக் காரைக்கால் போனதையும், 1954 நவம்பர் 1-ஆம் தேதி அது இந்தியாவோடு சேர்ந்ததையும் யாராவது ஒருவர் எழுதியே தீருவார். அப்படியானால் நான் எதை எழுதுவது?

நான் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த சுரக்குடிக்காரி. கடைமடை ஊர். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளிகளில் அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரு வரலாறு உண்டு. அது கல்வெட்டில் இல்லை, பாடப்புத்தகத்திலும் இல்லை. நம் வீட்டுப் பின்கட்டிலும், மாட்டுக்கொட்டகை ஓரத்திலும், குளத்தங்கரையிலும் நடந்த வரலாறு. நம் பெண் பிள்ளைகள் வயசுக்கு வந்த வரலாறு.

முகம் சுளிக்க வேண்டாம், நண்பர்களே. ஆண் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இதை அனுபவித்தவர்கள். மீதிப் பாதிப் பேர் மகளுக்கும் பேத்திக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

மூணு நாள்

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் வகுப்பிலேயே எனக்கு வந்துவிட்டது. என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. ஏதோ அடிபட்டுவிட்டது, செத்துவிடப் போகிறேன் என்று நினைத்தேன். பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். திண்ணையில் இருந்த அப்பாயி ஒரு பார்வை பார்த்தது. “ஏ புள்ள, அங்கேயே நில்லு. உள்ள வராத” என்றது. அதுதான் நான் கேட்ட முதல் பாடம். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும்தான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். கொல்லையில் பச்சை ஓலையில் குடிசை. தனித் தட்டு, தனிச் சொம்பு, ஒரு பாய். உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. தாய்மாமன் சீரோடு வந்தார். மஞ்சள் தண்ணி ஊற்றினார்கள். பட்டுப்பாவாடை, மாலை, போட்டோ. ஊரே வந்து சாப்பிட்டது. எனக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. இத்தனை பேரைக் கூப்பிட்டுச் சோறு போட்ட வீட்டில், அந்தப் பிள்ளை காதில் நாலு வார்த்தை சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு மாதாமாதம் மூணு நாள். அதற்குத்தான் எத்தனை பெயர்! ‘தூரம்’, ‘வீட்டு விலக்கு’, ‘தீட்டு’, ‘வெளிய உக்காந்திருக்கா’, ‘தலைக்குக் குளிக்கல’. ஒன்றுகூட உடம்புக்குள் நடப்பதைச் சொல்லும் பெயர் இல்லை, பார்த்தீர்களா? எல்லாமே இடத்தைச் சொல்கிற பெயர்கள், விலகலைச் சொல்கிற பெயர்கள். ‘மாதவிடாய்’ என்பது ஒன்றுதான் உடம்பின் பக்கம் நின்று பேசுகிறது. விடாய் என்றால் களைப்பு, தாகம் என்று அகராதி சொல்லும். ஆனால் அந்தச் சொல்லை எங்கள் தெருவில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை எனக்கு ஒரு மாதம் முன்னால் வயசுக்கு வந்தாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. சடங்கு முடிந்து அவள் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டிலும் “போதும் படிச்சது” என்றுதான் பேச்சு. எங்க அம்மா பிடிவாதம் பிடித்ததால் நான் திரும்பப் போனேன். நாங்கள் படித்த பள்ளியில் அப்போது பெண் பிள்ளைகளுக்குக் கதவு வைத்த கழிப்பறை இல்லை. மாதம் மூணு நாள் நானும் வீட்டில்தான். நான் கல்லூரி வரை வந்ததற்கும் அவள் எட்டாவதோடு நின்றதற்கும் இடையில் இருந்தது அறிவு வித்தியாசம் இல்லை, ஒரு தாயின் பிடிவாதம்தான்.

பழைய ஏடுகளில்

இந்த விலக்கு எவ்வளவு பழையது? புறநானூற்றின் 299-ஆம் பாட்டிலேயே இருக்கிறது. பாடியவர் பொன்முடியார். நெய்ச்சோறு தின்று வளர்ந்த அரசனின் குதிரைகள் போர்க்களத்தில் ஒதுங்கி நின்றதைச் சொல்ல வந்தவர், முருகன் கோட்டத்தில் பாத்திரத்தைத் தொடாமல் விலகி நிற்கும் பெண்களை உவமையாகச் சொல்கிறார். கேட்டவுடன் புரிகிற விஷயத்தைத்தானே உவமையாகச் சொல்வார்கள்? அப்படியானால் அந்தக் காலத்திலேயே அது ஊரறிந்த வழக்கம்.

அதை எதிர்த்துக் கேட்ட குரலும் தமிழில் புதிது இல்லை. சித்தர்களில் சிவவாக்கியர், தீட்டு தீட்டு என்கிறீர்களே, அந்தத் தீட்டு இல்லாமல் எந்த உடம்பு உருவாயிற்று என்ற பொருளில் கேட்டுவிட்டார். நம் ஊரில் சித்தர் பாட்டை ரசிக்கிறவர்கள் நிறைய. வீட்டுக்குள் அதைக் கொண்டுபோனவர்கள் குறைவு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமை ஆகாது. வயசுக்கு வந்த பிள்ளையின் துணியை யார் துவைத்தார்கள்? வண்ணார் வீட்டுப் பெண்தான் வந்து எடுத்துப் போவார், மாற்றுத்துணி கொண்டுவந்து கொடுப்பார். ‘தீட்டு’ என்று நாம் தள்ளி வைத்ததை இன்னொரு வீட்டுப் பெண் கையால் அள்ளினார். அதற்குக் கிடைத்தது கொஞ்சம் நெல்லும் சோறும். அந்தப் பெண்ணுக்கும் மாதம் மூணு நாள் உண்டே, அப்போது அவர் துணியை யார் துவைத்தார்கள் என்று நாம் கேட்டோமா?

பள்ளிக்கூடமா, கல்யாணமா?

வயசுக்கு வந்தால் படிப்பு நின்றுவிடும் என்பது என் தோழிக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினருக்கும் அதுதான் நேர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பருவம் அடைந்ததும் பள்ளிக்குப் போவது நின்றது. கல்லூரி முதல்வராக இருந்த தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்வதற்கு மன்னரின் அனுமதியே தேவைப்பட்டது. பையன்கள் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னை சட்டமன்ற மேலவைக்குப் போய் அதன் துணைத் தலைவரும் ஆனார். ஒரு தகப்பனார் வீட்டிலேயே வாத்தியாராக மாறியிருக்காவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது.

அந்தக் காலத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்னொரு கவலையும் இருந்தது. பிள்ளை வயசுக்கு வருவதற்கு முன்னாலேயே கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்பது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயசை 14 என்று வைத்தது. அதை மீறப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சட்டம் செல்லாத இடத்துக்குப் போனார்கள். சமஸ்தானங்களுக்கும் பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் போய்த் தாலி கட்டினார்கள். நம் மண்ணுக்கு அந்தச் சட்டம் அப்போது செல்லாது. பிரெஞ்சு ஆட்சியில் கள்ளுக்கும் சீமைச் சரக்குக்கும்தான் எல்லை தாண்டி வந்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வோமே, சின்னப் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் அந்த எல்லை பயன்பட்டது. பின்னால் பெண்ணின் கல்யாண வயசு 1949-இல் 15 ஆகி, 1978-இல் 18 ஆயிற்று.

அதே காலத்தில் நல்ல உதாரணமும் உண்டு. கொச்சி சமஸ்தானத்தில், திருப்பூணித்துறை அரசுப் பெண்கள் பள்ளியில் 1912-ஆம் ஆண்டே மாதவிடாய் நாளில் ஆண்டுத் தேர்வு வந்தால் மாணவிகள் விடுப்பு எடுத்துக்கொண்டு பிறகு எழுதலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி டாக்டரான அதே 1912! கேரளத்தின் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023-இல் மாணவிகளுக்கு வருகைப்பதிவில் சலுகை கொடுத்தபோது எல்லாப் பத்திரிகையும் புதுமை என்று எழுதியது. நூறு வருஷம் முன்னால் ஒரு தலைமை ஆசிரியருக்குத் தோன்றியது நடுவில் ஏன் மறந்துபோயிற்று?

டாக்டர்களுக்கே எப்போது தெரிந்தது?

“அப்பாயி காலத்து ஜனங்க படிக்காதவங்க, மூடநம்பிக்கை” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். படித்த உலகம் மட்டும் என்ன வாழ்ந்தது?

‘தூரமான பொம்பள தொட்டா துளசி வாடிடும், ஊறுகாய் கெட்டிடும்’ என்று நம் வீட்டில் சொல்வார்கள். 1920-இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற பெயர்பெற்ற குழந்தை மருத்துவர் என்ன எழுதினார் தெரியுமா? மாதவிடாயில் இருந்த வேலைக்காரப் பெண்ணின் கையில் கொடுத்த பூக்கள் சீக்கிரம் வாடிவிட்டன, ஆகவே அந்த நாளில் பெண் உடம்பில் ஏதோ விஷம் சுரக்கிறது என்று! தொண்டை அடைப்பான் நோய்க்கான பரிசோதனையைக் கண்டுபிடித்து, தம் பெயராலேயே ‘ஷிக் சோதனை’ என்று புகழ்பெற்ற அதே டாக்டர்தான். அந்த ‘விஷத்தை’ப் பல வருஷம் ஆராய்ச்சிக் கூடங்களில் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லை.

கருமுட்டை மாதத்தில் எப்போது வெளிவருகிறது என்பதை 1924-இல் ஜப்பானில் ஓகினோவும், 1928-இல் ஆஸ்திரியாவில் க்னாஸும்தான் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் முதன்முதலில் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1929-இல். அதாவது, நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ரத்தம் ஏன் வருகிறது என்று சரியாகச் சொல்ல உலகத்தில் எந்த டாக்டராலும் முடியாது. அப்பாயிக்குத் தெரியாமல் இருந்ததில் அதன் தப்பு எதுவும் இல்லை. தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தோமே, நாம் படித்தவர்கள், அது நம் தப்பு.

இதில் முதல் குற்றவாளி நானே. ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் இனப்பெருக்க மண்டலம் பாடம் வந்தால், “இத வீட்ல படிச்சுக்குங்க, பரீட்சைக்கு வராது” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். பையன்கள் சிரிப்பார்கள், பெண் பிள்ளைகள் குனிந்துகொள்வார்கள் என்று பயம். விலங்கியல் பட்டம் வாங்கிய நான் செய்தது இது. சில வருஷம் கழித்து ஒரு மாணவி வகுப்பில் கறையோடு எழுந்து, நான் அன்றைக்கு நின்ற மாதிரியே பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தப் பாடத்தை நான் நடத்த ஆரம்பித்தேன். பையன்கள் சிரித்தார்கள்தான், முதல் பத்து நிமிஷம். அப்புறம் கேட்டார்கள். “டீச்சர், எங்க அக்காவுக்கு வயித்து வலி வருதே, அதுக்கு என்ன செய்யறது?” என்று ஒரு பையன்தான் முதல் கேள்வி கேட்டான்.

துணியிலிருந்து நாப்கின் வரை

எங்கள் காலத்தில் பழைய பருத்திச் சேலையும் வேட்டியும்தான். துணி கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சோப்புப் போட்டு நல்ல தண்ணியில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்தால் பருத்தித் துணி பாதுகாப்பானதுதான். ஆனால் எங்கே காயவைத்தோம்? பாவாடைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே, கூரை இடுக்கில், வைக்கோல் போர் ஓரத்தில். யார் கண்ணிலும் படக்கூடாதே! ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கடலோரத்தில் மேல்துணியே மூணு நாளைக்குக் காயாது. ஒளித்து வைத்த துணி எப்படிக் காயும்? ஈரம் காயாத துணியையே மறுபடியும் வைத்துக்கொண்டோம். தோல் உரிந்து, அரிப்பு வந்து, நடக்கமுடியாமல் நடந்தோம். துணி செய்த கெடுதல் இல்லை அது, வெட்கம் செய்த கெடுதல்.

நாப்கின் பிறந்த கதை சுவையானது. முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போடப் பஞ்சு போதாமல் மரக்கூழிலிருந்து செய்த ஒரு பொருளைப் பயன்படுத்தினார்கள். அது ரத்தத்தை நன்றாக உறிஞ்சுவதைப் பார்த்த செவிலியர்கள் தங்கள் சொந்தத் தேவைக்கும் அதை வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் மீந்துபோன சரக்கை அமெரிக்காவின் கிம்பர்லி கிளார்க் கம்பெனி ‘கோடெக்ஸ்’ என்ற பெயரில் நாப்கினாக்கி விற்றது. நம் நாட்டில் ‘விஸ்பர்’ 1989-இல் வந்தது. டி.வி.யில் நீல மையை ஊற்றிக் காட்டும் விளம்பரம் வந்தால் வீட்டில் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்போம். கடையில் கேட்டால் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். இன்றைக்கும் பல கடையில் அப்படித்தான்.

நாப்கினை ஏழை வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தவர் நம் தமிழர் ஒருவர், அதுவும் ஆண். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளை, தகப்பனார் இறந்ததால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1998-இல் கல்யாணம் ஆன புதிதில், மனைவி கிழிசல் துணியை ஒளித்து எடுத்துப் போவதைப் பார்த்தார். “நாப்கின் வாங்கினா பாலுக்குக் காசு இருக்காது” என்ற கணக்கு அவருக்குப் புரிந்தது. பஞ்சில் செய்து பார்த்தார், சரிவரவில்லை. சோதித்துப் பார்க்கப் பெண்கள் முன்வராததால் பந்துக்குள் இருக்கும் ரப்பர் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். ஊர் பைத்தியம் என்றது. மனைவி பிறந்த வீட்டுக்குப் போனார், தாயாரும் விட்டுப் போனார். கம்பெனி நாப்கினில் இருப்பது பஞ்சு இல்லை, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது. கடைசியில், கோடிக்கணக்கில் விலை சொன்ன யந்திரத்துக்குப் பதிலாக மகளிர் குழுக்கள் வாங்கக்கூடிய எளிய யந்திரத்தைச் செய்தார். மனைவியும் திரும்பி வந்தார். 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2018-இல் அவர் கதை ‘பேட்மேன்’ என்று இந்திப் படமாக வந்தது.

அரசாங்கமும் அசைந்தது. 2011-இல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட ‘புதுயுகம்’ திட்டத்தில் 10 முதல் 19 வயது வரை உள்ள கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு என்று இலவச நாப்கின். பள்ளிப் பிள்ளைக்கு ஆசிரியை கையால், பள்ளியில் இல்லாத பிள்ளைக்கு அங்கன்வாடி வழியாக. அதே வருஷம் மத்திய அரசு ஆறு நாப்கின் ஆறு ரூபாய் என்று சில மாவட்டங்களில் ஆஷா பணியாளர்கள் வழியாக விற்கத் தொடங்கியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் வரி போட்டார்கள். பெண்கள் போராடிய பிறகு 2018 ஜூலையில் எடுத்தார்கள். 2019 முதல் மக்கள் மருந்தகங்களில் ஒரு நாப்கின் ஒரு ரூபாய் என்று ஆயிற்று.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைக் கையாள்பவர்கள் 2015–16-இல் 100-க்குச் சுமார் 58 பேர், 2019–21-இல் சுமார் 77 பேர். தமிழ்நாடும் புதுச்சேரியும் 95-ஐத் தாண்டிவிட்டன. நம் பகுதிப் பிள்ளைகள் இந்த விஷயத்தில் நாட்டுக்கே முன்னால் நிற்கிறார்கள். பெருமைப்படலாம்.

நாப்கின் வந்தது, பேச்சு வந்ததா?

ஆனால் நாப்கின் கையில் இருப்பது வேறு, விஷயம் தெரிந்திருப்பது வேறு. இந்திய வளரிளம் பெண்களைப் பற்றிய 138 ஆய்வுகளை, ஏறத்தாழ 97,000 சிறுமிகளின் பதில்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2016-இல் வெளியாயிற்று. முதல் மாதவிடாய்க்கு முன்னால் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர்கள் பாதிப் பேர்தான். ரத்தம் கர்ப்பப்பையிலிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் நாலில் ஒருவர்கூட இல்லை. அந்த நாட்களில் பள்ளிக்குப் போகாதவர்கள் நாலில் ஒருவர். நான் எட்டாவதில் ஓடின ஓட்டம் இன்னும் நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

தெரியாததற்கு நாம் கொடுத்த விலையும் சின்னது இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்ததை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். அன்றிரவு தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காடு கிராமத்தில் ஒரு பள்ளிச் சிறுமி. புதிதாக வயசுக்கு வந்தவள் என்பதால் வீட்டுக்கு வெளியே குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் குடிசை மேல் விழுந்தது. பிள்ளை போய்விட்டாள். புயல் எச்சரிக்கை எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் கூப்பிட மட்டும் மனசு வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நண்பர்களே. நம்மைப் போன்றவர்கள்தான். என் பச்சை ஓலைக் குடிசை மேல் அன்றைக்கு மரம் விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பு மாணவி மாதவிடாய் என்பதால் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். படம் எடுத்து வெளியே வந்த பிறகு நடவடிக்கை எடுத்தார்கள். நானும் எட்டாம் வகுப்பு. எங்க அப்பாயி “அங்கேயே நில்லு” என்றது. இத்தனை வருஷம் கழித்துப் படித்தவர்கள் நடத்தும் பள்ளிக்கூடமும் அதையே சொல்கிறது.

மாணவிகளுக்கு நாலு வார்த்தை

இந்தக் கல்லூரியில் இப்போது படிக்கும் பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியும் என்று நினைப்பீர்கள். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். தங்கைக்குச் சொல்ல உதவும்.

* இது அழுக்கு ரத்தம் இல்லை. கரு வந்தால் தங்குவதற்காகக் கர்ப்பப்பை மாதாமாதம் உள்ளே ஒரு மெத்தை போடுகிறது. கரு வராவிட்டால் அது கரைந்து வெளியே வருகிறது.

* முதல் சில வருஷம் 21 முதல் 45 நாளுக்குள் எப்போது வந்தாலும் சரிதான். 2 முதல் 7 நாள் வரை இருக்கலாம்.

* நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கறை படவில்லை என்று நாள் முழுக்க வைத்திருக்கக் கூடாது. துணி என்றால் சோப்பு, வெயில் இரண்டும் கட்டாயம்.

* அந்த நாட்களில் குளிக்கலாம், தலைக்கும் குளிக்கலாம், விளையாடலாம். தயிரும் மீனும் முட்டையும் சாப்பிடலாம்.

* உளுந்தங்களியை விட்டுவிடாதீர்கள். அப்பாயி செய்ததில் அது நல்ல விஷயம். ஏழு நாளோடு நிறுத்திவிடுவதுதான் தப்பு. நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். கீரை, பயறு, மீன், பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

* 15 வயசாகியும் வரவில்லை, ஏழு நாளுக்கு மேல் போகிறது, ஒரு மணி இரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் நனைந்துவிடுகிறது, வலியால் பள்ளிக்கே போகமுடியவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்பது வைத்தியம் இல்லை.

* பயன்படுத்திய நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகப் போடுங்கள். வாய்க்காலிலும் கழிப்பறையிலும் போடாதீர்கள். அதில் பிளாஸ்டிக் இருக்கிறது, மக்காது. திறந்து போட்டால் அள்ளுகிறவர் கையில்தான் அது படும். அன்றைக்கு வண்ணார் வீட்டுப் பெண், இன்றைக்குத் துப்புரவுத் தொழிலாளி. அந்த வரலாறு மட்டும் மாறாமல் இருக்க வேண்டுமா?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு சந்திப்பிலும் நாம் மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, சாப்பிட்டுவிட்டுப் பிரிகிறோம். இந்த முறை ஒரு சின்ன வேலை செய்யலாமா? நாம் ஒவ்வொருவரும் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய்வருவோம். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கிறதா, அவசரத்துக்கு ஆசிரியை அலமாரியில் ஒரு பாக்கெட் நாப்கின் இருக்கிறதா, இந்த நாலை மட்டும் பார்ப்போம். இல்லாததை நம் சங்கப் பணத்தில் செய்துகொடுப்போம். ஒரு தாழ்ப்பாளுக்கு என்ன விலை இருக்கும்? நம் கல்லூரியில் படித்த டாக்டர்களும் நர்சுகளும் ஆசிரியர்களும் வருஷத்துக்கு ஒருமுறை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய் அரை மணி நேரம் பேசினால் போதும். எட்டாவதில் போய்ச் சொன்னால் பலருக்கு அது காலம் கடந்த பாடம். பையன்களையும் வெளியே அனுப்பாமல் உட்கார வைத்துப் பேசுங்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் கணக்குக்காரியை ஊருக்குப் போனால் இப்போதும் பார்க்கிறேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். போன தை மாதம் பார்த்தபோது அவள் பேத்திக்கு வீட்டில் சடங்கு. பிள்ளை குடிசையில் இல்லை, கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. “குடிசையெல்லாம் வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன். திங்கக்கிழமை ஸ்கூலுக்கும் போவணும்னு சொல்லிருக்கேன்” என்றாள். பிள்ளைக்கு விஷயத்தைச் சொன்னாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “எனக்கே யாரும் சொல்லலியே. நீ டீச்சராச்சே, நீ சொல்லு” என்று என் கையைப் பிடித்துப் பேத்தி பக்கத்தில் உட்கார வைத்தாள். அவளும் நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாள்.

இந்த மலரில் பெயர் அச்சாகியிருக்கும் நம் எல்லோர் சார்பிலும், பெயர் அச்சாக வாய்ப்பில்லாமல் எட்டாவதோடு நின்றுபோன அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் இந்தக் கட்டுரையைக் காணிக்கையாக்குகிறேன்.